கட்டைவிரலால் பார்க்கக் கூடாது

ஜூலை 8

தம்பிக்கு,

கைப்பட்டைப் பெட்டிக்குள் உன் சீட்டைப் பார்த்தேன். ‘எப்படி இருக்கிறாய்?’ ஒரே வரி. கீழே பெயரும் இல்லை, உறவும் இல்லை. யார் கையில் கிடைத்தாலும் யாருக்கு என்று தெரியக் கூடாது, அப்படித்தானே? படித்தவர்கள் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள்.

நன்றாக இருக்கிறேன்.

போன் செய்யாதே என்று சொன்னது இன்னும் அப்படியே நிற்கிறது. உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன். அது உனக்கும் தெரியும், அதனால்தான் போனையே பிடித்துக்கொண்டு தொங்கினாய். எழுது. எழுத்தில் நீ அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை.

உங்கள் ஆய்வின் சுவரொட்டி வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் உடல் நலமும் மன நலமும். பல்கலைக்கழகம், சுகாதாரத் துறை, பள்ளி, மூவரும் கூட்டாளிகள். மூன்று கைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பது போலப் படம். ஒட்டுவதற்கு இடம் இல்லாமல் ஆசிரியர் அறையில் உடைந்த பீரோவின் கதவில் ஒட்டியிருக்கிறோம். அதைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கை பிய்ந்து தனியாகப் போகிறது.

கூட்டாளி என்றால் எல்லோரும் ஒரே தாளைப் பார்க்க வேண்டாமா? பிள்ளைகள் காலை மணிக்குப் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள். அது அவர்கள் நெஞ்சு அடிப்பதைக் குறித்துக்கொள்கிறது. கடைசி மணி அடித்ததும் நான் கழற்றி, எண் பார்த்து, பெட்டியில் அடுக்குகிறேன். வாரத்துக்கு ஒருமுறை உங்கள் வண்டி வந்து எடுத்துப்போகிறது. அங்கே என்ன பார்க்கிறீர்கள், எதைக் கண்டு தலையை ஆட்டுகிறீர்கள், எனக்கு யாரும் சொல்வதில்லை. இதற்குப் பெயர் கூட்டாளி இல்லை. எடுபிடி.

மிளகுக்கு மட்டும் சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. என் வகுப்பில் பட்டை இல்லாத ஒரே பிள்ளை என் மகள்தான். தலைமை ஆசிரியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். உன் அத்தான் வீட்டை விட்டுப் போய், மகள் யாரிடம் இருக்க வேண்டும் என்று வக்கீல் மூலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த நேரத்தில் அவள் நெஞ்சைப் பெட்டியில் வைத்து, அவருடைய சிநேகிதன் கையில் கொடுத்தனுப்ப எனக்கு என்ன பைத்தியமா?

அக்கா

•

ஜூலை 15

அக்கா,

சீட்டில் பெயர் போடாதது கோழைத்தனம்தான். பெட்டியைத் திறக்கும்போது பேராசிரியை பக்கத்தில் நிற்பார். என் அக்கா அந்தப் பள்ளியில் இருப்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் பள்ளியின் பெட்டியை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு உனக்குச் சீட்டு எழுதக்கூட வழி இருக்காது.

நான் அத்தானின் சிநேகிதன் இல்லை. அவரோடு இரண்டு மூன்று முறை டீ குடித்தேன். அவர் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ பேசவில்லை. பேசாதவரை எப்படிக் கேட்பது?

என்னிடம் இருப்பது எண்கள் மட்டும். எந்த எண் எந்தப் பிள்ளை என்பது தலைமை ஆசிரியையின் அலமாரியில் பூட்டியிருக்கிறது. திரையில் ஒரு கோடு ஓடும். ஏறும், இறங்கும். விளையாட்டு நேரத்தில் எல்லாக் கோடுகளும் சேர்ந்து எம்பிக் குதிக்கும். கணக்குப் பாடத்தில் சில கோடுகள் படுத்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சில நாள் பயமாகவும் இருக்கிறது. முகம் இல்லாத பிள்ளைகள்.

முதல் நாள் வந்து நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தேனே, இன்னும் பார்க்கிறார்களா?

ஒன்று கேட்க வேண்டும். சாதாரணக் கேள்விதான். கடைசி பீரியடில் உன் வகுப்பில் என்ன நடக்கும்?

தம்பி

•

ஜூலை 22

தம்பிக்கு,

‘சாதாரணக் கேள்விதான்’ என்று சொல்லிவிட்டுக் கேட்ட கேள்வி எதுவும் இந்த வீட்டில் சாதாரணமாக முடிந்ததில்லை. உன் அத்தானும் அப்படித்தான் தொடங்குவார்.

கடைசி பீரியடில் வாசிப்பு. ஒவ்வொருவராக ஒரு பத்தி. மற்றவர்கள் விரலை வைத்துக்கொண்டு கூடவே வர வேண்டும். பாதிப் பேர் விரல் புத்தகத்தில் இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும். ஜன்னலுக்கு நேர் எதிரே பள்ளியின் வெளிக்கதவு. பெற்றோர்கள் வந்து நிற்பது தெரியும். அவ்வளவுதான் நடக்கிறது. எழுதிக்கொள்.

நாடி பார்க்கிறார்கள். நீ பற்றவைத்துவிட்டுப் போனாய், நான் அணைத்துக்கொண்டிருக்கிறேன். வகுப்புத் தலைவி ஒருத்தி இருக்கிறாள். தடித்த கண்ணாடி போட்டவள், அதனால் எல்லோருக்கும் அவள் ‘கண்ணாடி’. நீ சொன்னதை அவள்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “கட்டைவிரல வெக்காத! கட்டைவிரலுக்குள்ளயே துடிப்பு இருக்கு. உன்னோடதே உனக்குக் கேக்கும்!” என்று எல்லோரையும் அதட்டுகிறாள். நேற்று மணி அடிக்க வந்த பியூனின் கையைப் பிடித்து ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, “சார், உங்களுக்கு ஒண்ணுமே ஓடல” என்றாள். “அப்ப நான் செத்துட்டனா?” என்றார் அவர். “இன்னும் ரெண்டு பேர் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்” என்றாள். மணி தாமதமாக அடித்தது.

மிளகு நன்றாக இருக்கிறாள். வெளிக்கதவுக்குள் நான் டீச்சர். கதவைத் தாண்டிய அடுத்த அடியில் அம்மா. அதில் ஒருநாளும் தப்பு வராது. நடந்து வீட்டுக்கு வரும்போது எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன். அப்பா வந்தாரா, தூரத்தில் நின்றாரா, யாரிடமாவது ஏதாவது கொடுத்தனுப்பினாரா. போன மாதம் ஒருமுறை கதவருகே வந்து நின்றார் அல்லவா, அதிலிருந்து தினமும் கேட்கிறேன். ‘இல்லம்மா’ என்பாள். எதையும் என்னிடம் மறைக்க மாட்டாள்.

நீ ஏன் கடைசி பீரியடைக் கேட்டாய்?

அக்கா

•

ஜூலை 29

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உன் வகுப்பில் தினமும் கடைசி பீரியடில் ஒரு பிள்ளையின் நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது. ஓடும்போது ஏறுவது போல இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஏறுகிறது. மணி நெருங்க நெருங்க இன்னும் ஏறுகிறது. மற்ற பிள்ளைகளின் கோடுகள் எல்லாம் பக்கத்திலேயே சும்மா கிடக்கின்றன.

தினமும் ஒரே எண்ணாக இருந்தால், பாவம், அந்தப் பிள்ளைக்கு என்னவோ என்று நினைத்திருப்பேன். ஆனால் எண் மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று ஒன்று, நாளை வேறொன்று. முறை வைத்தது போல. வேறு எந்த வகுப்பிலும் இப்படி இல்லை. வேறு எந்தப் பள்ளியிலும் இல்லை.

வாசிக்கும்போது தப்பு விட்டால் எழுந்து நிற்கச் சொல்கிறாயா? தினமும் ஒருவரை மட்டும் முன்னால் கூப்பிடுகிறாயா? வேறு யாராவது அந்த நேரத்தில் வகுப்புக்குள் வருகிறார்களா?

இதைப் போல எதையாவது கண்டால் பிள்ளைகள் பாதுகாப்புக் குழுவுக்கு எழுத வேண்டும் என்பது விதி. அவர்கள் பள்ளிக்கு வருவார்கள். பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். உன்னைப் பற்றி. பேராசிரியை இன்னும் இதைப் பார்க்கவில்லை. தாள் என் மேசையில், மற்ற தாள்களுக்கு அடியில் இருக்கிறது. எவ்வளவு நாள் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

உன் பதிலை முதலில் பார்க்கிறேன்.

தம்பி

•

ஜூலை 30

அடிக்கிறாயா என்று கேள்.

அந்த ஒரு சொல்லைத் தாண்டத்தானே இத்தனை வரி சுற்றிவந்தாய்? எழுந்து நிற்கச் சொல்கிறாயா, முன்னால் கூப்பிடுகிறாயா. கேள்விகளுக்கு எவ்வளவு நல்ல சட்டை போட்டு அனுப்புகிறாய்!

இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளை மேல் கை வைத்ததில்லை. உன்மேல்கூட வைத்ததில்லை. வைத்திருக்க வேண்டும்.

வக்கீல் சொல்லிக்கொடுத்தாரா? வகுப்பில் பிள்ளைகளை நடுங்க வைக்கிற டீச்சர் வீட்டில் மகளை எப்படி வளர்ப்பாள், அதுதானே அடுத்த வரி? மகளின் பட்டை கிடைக்கவில்லை, அதனால் வகுப்பு முழுவதையும் கட்டிவிட்டீர்கள். நன்றாகத்தான் யோசித்திருக்கிறீர்கள். டீ நன்றாக இருந்திருக்கும்.

இன்று கடைசி பீரியடில் பாடமே நடத்தவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இதில் யார் என்னைப் பற்றி என்ன சொன்னது? இவனா? இவளா? சிறு பிள்ளைகள். மூக்கு ஒழுகுகிற பிள்ளைகள். அவர்களைப் போய் அப்படிப் பார்த்தேன். இதை எனக்குச் செய்தது நீ.

வண்டிக்குக் காத்திருக்கவில்லை. தபாலில் போடுகிறேன். உன் பேராசிரியை பிரித்துப் படித்தாலும் சரி.

•

ஆகஸ்ட் 5

அக்கா,

அடிக்கிறாய் என்று எழுதவில்லை. நினைத்தேன். ஒரு நாள் முழுக்க நினைத்தேன். சாப்பிடும்போது, பஸ்ஸில், பல் தேய்க்கும்போது. நீ இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நினைத்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

வக்கீலை எனக்குத் தெரியாது. அத்தானைப் பார்த்தும் பல நாளாகிறது.

நேற்று அந்தக் கோடுகளை எல்லாம் தனித்தனித் தாளில் அச்செடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். திரையில் பார்த்தால் தெரியாதது தெரிந்தது. ஒவ்வொருவர் நடைக்கும் ஒரு தினுசு இருக்கும் அல்லவா? மாடிப்படியில் சத்தம் கேட்டே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவாயே. நெஞ்சுக்கும் அப்படி ஒரு நடை உண்டு. ஏறுவதற்கு முன்னால் சின்னதாக ஒரு தயக்கம், பிறகு இரண்டு படியாகத் தாவுவது போல. எல்லாத் தாளிலும் அதே தயக்கம். அதே தாவல்.

எண்கள்தான் வேறு. பிள்ளை ஒன்று.

அதாவது கடைசி பீரியடில் மட்டும் பட்டை கைமாறுகிறது. தினமும் வேறொருவரின் பட்டையை ஒரே பிள்ளை வாங்கிக் கட்டிக்கொள்கிறது. மணி அடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தனக்கென்று ஒரு பட்டை இருந்தால் எந்தப் பிள்ளையும் அடுத்தவருடையதைக் கேட்காது.

உன் வகுப்பில் பட்டை இல்லாத பிள்ளை யார் என்று நீதான் எழுதியிருந்தாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயம் என்று நான்தான் முடிவு கட்டினேன். பட்டை அப்படிச் சொல்லவில்லை. அதற்கு வேகம் மட்டும் தெரியும். எதற்காக என்று தெரியாது. பயந்தாலும் அப்படித்தான் அடிக்கும், யாருக்காவது காத்திருந்தாலும் அப்படித்தான் அடிக்கும்.

கடைசி பீரியடில் அவளைப் பார், அக்கா.

தம்பி

•

ஆகஸ்ட் 7

பொய்.

அவளை எனக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதது ஜன்னல் கண்ணாடிக்குத் தெரிந்துவிட்டதா?

இனிமேல் பெட்டியை நான் அடுக்க மாட்டேன் என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். எழுதாதே.

•

ஆகஸ்ட் 13

அக்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். பட்டை கைமாறியிருக்கிறது, அனுமதி இல்லாத ஒரு பிள்ளை கட்டியிருக்கிறது என்று. எந்தப் பிள்ளை என்று கேட்டார். சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் பள்ளியில உங்களுக்கு யாரு இருக்காங்க?” என்று கேட்டார். அதைச் சொன்னேன். “இத முதல் நாளே சொல்லியிருக்கணும் தம்பி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

உங்கள் பெட்டியை இனி வேறொருவர் திறப்பார்.

பெற்றவர் கையெழுத்து இல்லாத துடிப்பை வைத்திருக்க எங்களுக்கு உரிமை இல்லை. உன் வகுப்பின் கடைசி பீரியட் முழுவதையும் அழித்துவிட்டோம். அச்செடுத்த தாள்களை நானே கிழித்தேன். அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல மாட்டேன். வக்கீல், கோர்ட், யார் வந்து கேட்டாலும் காட்டுவதற்கு எதுவும் கிடையாது. பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுவதற்கும் எதுவும் இல்லை.

நீ நம்புவாய் என்று எதிர்பார்க்கவில்லை. நம்ப வைக்க என்னிடம் எந்தத் தாளும் இல்லை. அழித்ததற்கு அத்தாட்சி எங்கே கிடைக்கும்?

ஆனால் நான் பார்த்ததை என்னால் அழிக்க முடியவில்லை. அந்தத் தயக்கம். பிறகு அந்தத் தாவல்.

தம்பி

•

ஆகஸ்ட் 21

தம்பி,

அழித்தாயா என்று கேட்க மாட்டேன். எழுதிவிட்டேன், ஆனாலும் கை அந்தக் கேள்விக்குத்தான் போகிறது. பழக்கம்.

பார்த்தேன்.

முடிந்த மட்டும் பார்க்காமல்தான் இருந்தேன். உன் கடிதத்துக்குப் பிறகு கடைசி பீரியட் முழுக்கக் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினேன். வாசிப்பு வகுப்பில் கரும்பலகைக்கு என்ன வேலை? பிள்ளைகளுக்கே சிரிப்பு. நேற்றுத் திரும்பினேன்.

மேசைக்கு அடியில் வகுப்புத் தலைவி கண்ணாடி தன் பட்டையைக் கழற்றி நீட்டினாள். மிளகு வாங்கிக் கட்டிக்கொண்டாள். கட்டியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். வெளிக்கதவைத் தவிர அங்கே பார்க்க எதுவும் இல்லை. பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தலை தெரியும்போதும் அவள் கொஞ்சம் நிமிர்ந்தாள். பிறகு தணிந்தாள். என் குரல் மட்டும் எங்கேயோ வாசித்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் போன பிறகு கண்ணாடியை நிறுத்தினேன்.

“அவகிட்ட எதுக்கு குடுத்தே?”

“அரிச்சுது டீச்சர்.”

“தினமும் உனக்கு மட்டுமா அரிக்குது?”

“தினம் ஒருத்தருக்கு அரிக்கும் டீச்சர். முறை வெச்சிருக்கோம்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லை என்று முடிவுசெய்தவளைப் போலச் சொன்னாள்: “எல்லாருக்கும் இருக்கு, அவளுக்கு மட்டும் இல்ல. நீங்கதான் வேணாம்னுட்டீங்களாம். வேற டீச்சரா இருந்தா உங்ககிட்ட வந்து புகார் சொல்லியிருப்போம்.”

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

நானும் மிளகும் வீட்டுக்கு நடந்து போனோம். நான் எதுவும் கேட்கவில்லை. தினமும் கேட்கத் தொடங்கும் மருந்துக்கடை வந்தது, போயிற்று. தெருவைக் கடக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கடந்த பிறகும் விடவில்லை. என் கட்டைவிரலுக்குக் கீழே வேகமாகத் துடித்தது. நான் பேசாமல் இருந்தால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். கேள்விதானே அவளைப் பயமுறுத்துகிறது, கேள்வி இல்லையென்றால் அடங்க வேண்டுமல்லவா? இன்னும் வேகமாயிற்று.

“டீச்சர்” என்றாள். வெளிக்கதவைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தோம்.

“அம்மான்னு சொல்லு.”

“இன்னிக்கு ஏன் கேக்கல?”

“என்ன கேக்கணும்?”

“அப்பா வந்தாரான்னு.”

“கேட்டா உனக்குப் பயமா இருக்கும்னு.”

யோசித்தாள். “மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு வந்தாருன்னு சொன்னதுக்கு நீ ராத்திரி சாப்பிடவே இல்ல.” செருப்பால் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டே வந்தாள். “அப்புறம் அப்படி இல்ல. நீ கேக்கறப்பல்லாம், ஒருவேள வந்திருப்பாரோ, நான்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேனோன்னு தோணும். அதான் நாளைக்கு நல்லாப் பாக்கணும்னு ஜன்னல்கிட்டயே உக்காந்துக்கறேன். நீ கேக்கலன்னா...”

“கேக்கலன்னா?”

“இனிமே வரவே மாட்டாருன்னு உனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு அர்த்தம்.”

தம்பி, அவர் ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். பள்ளிப் பக்கம் வரக் கூடாது என்று வக்கீலை வைத்து எழுதச் சொன்னது நான்தான். எழுதச் சொல்லிவிட்டு, அவர் அதை மீறினாரா என்று தினமும் அவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கேள்வி என்றே எடுத்துக்கொள்ளவில்லை. நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டாள்.

“நான்தான் வர வேணாம்னு சொல்லியிருக்கேன்” என்றேன். தெருவில், பெட்டிக்கடைக்கு முன்னால், ஆட்கள் போகவர இருக்கும்போது.

நின்றுவிட்டாள். கல் உருண்டு சாக்கடை ஓரமாகப் போயிற்று. அழுவாள் என்று நினைத்தேன். என்னை உற்றுப் பார்த்தாள். நான் வகுப்பில் அந்தப் பிள்ளைகளை ஒருநாள் பார்த்தேனே, அதே பார்வை. இவள்தானா, இவளேதானா என்று.

“அப்ப வர சொல்லேன்” என்றாள்.

அவ்வளவு சுலபமாக.

அதனால் உனக்கு எழுதுகிறேன். அடுத்த முறை அவரோடு டீ குடிக்கும்போது சொல். சனிக்கிழமை வரலாம். பள்ளிக் கதவுக்கு அல்ல, வீட்டுக்கு. நானும் இருப்பேன். இதை அப்படியே சொல், உன் பங்குக்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதே. வக்கீலுக்குத் தெரிய வேண்டாம், அவருடையவருக்கும் என்னுடையவருக்கும்.

மிளகு கையை இழுத்துக்கொள்ளவில்லை. வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டே நடந்தேன். துடிப்பு அடங்கவில்லை. கட்டைவிரலை வைத்தால் யாருடையது கேட்கும் என்று நீ சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது. கண்ணாடி பார்த்திருந்தால் அதட்டியிருப்பாள்.

விரலை மாற்றவில்லை.

அக்கா